கூரை நின்ற காலம்

சௌராஷ்டிரக் கடற்கரையைப் பற்றி வைதேஹிக்குத் தெரிந்த அளவு தில்லியில் வேறு யாருக்கும் தெரியாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது வெறும் புகழ்ச்சியில்லை. கல்யாணமான புதிதில், ரோஹிணி பிறப்பதற்கு முன்பு, இரண்டு குளிர்காலங்கள் அந்தக் கரையில் கூடாரம் போட்டுத் தங்கியவள் அவள். அரசாங்கத்தின் நிலவியல் வேலையில் பெண்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்த காலம். சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக வெட்டுண்டு கடலில் இறங்கும் அந்த இடங்களில், சுத்தியலும் திசைகாட்டியுமாக அலைந்து, ஒவ்வொரு குகைக்குள்ளும் புகுந்து வரைபடம் போட்டாள். அவற்றில் பெரியதை அங்கேயுள்ள மீனவர்கள் பகோல் என்பார்கள். குஜராத்தியில் பொந்து என்று அர்த்தம். வாசலில் ஒரு பெரிய அறை. அதன் பின்னால் குனிந்து போனால் உள்ளே இன்னொரு அறை.

அப்புறம் குழந்தை, மாமியாரின் உடம்பு, வேதாந்தத்தின் உத்தியோக உயர்வுகள். வேதாந்தம் ஒரு அமைச்சகத்தில் அதிகாரி. மோதி பாக் குவார்ட்டர்ஸில் வீடு கிடைத்தபிறகு வைதேஹி தில்லியை விட்டு வெளியே போகும் வேலைகளைக் குறைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் சுற்றிய சுத்தியல் பரண்மேல் ஏறியது.

மகள் அதே படிப்பை எடுத்ததும், முதுகலை ஆய்வுக்கு அதே கரையைத் தேர்ந்தெடுத்ததும் வைதேஹிக்குப் பெருமையாக இருந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பெருமையும் இருந்தது, ஏதோ தன் துணியை எடுத்து அவள் உடுத்திக்கொண்டதுபோல ஒரு கூச்சமும் இருந்தது. குகைக்குள் சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல் தூண்களைத் துளைத்து மாதிரி எடுத்துவந்தால், எந்தெந்தக் காலத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று கண்டுபிடிக்கலாம். அதுதான் ரோஹிணியின் ஆய்வு. அவளோடு படித்த ரமேஷ்குமார் என்ற பையனுக்கும் அதுவே ஆய்வு. ஜனக்புரியிலிருந்து வருவான். பெற்றோர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரர்கள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அவனும் ரோஹிணியும் தங்களுக்குள் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் வைதேஹியிடம் மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவான். காபி கொடுத்தால் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான்.

இரண்டாயிரத்தொன்று ஜனவரியில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். கூடப் போன பேராசிரியர் குடியரசு தின விடுமுறைக்கு ராஜ்கோட்டில் உறவினர் வீட்டுக்குப் போய்விட, பிள்ளைகள் இருவரும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி வேலையைத் தொடர்ந்தார்கள். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து ரோஹிணி கூப்பிட்டாள்.

“அம்மா, உள் ரூம் கூரையில ஒரு க்ராக் இருக்கு. நீ அப்போ பாத்திருக்கியா?”

எந்தப் பக்கம் என்று வைதேஹி கேட்டாள். குக்கர் கத்திக்கொண்டிருந்தது, ஒரு கையால் அடுப்பைத் தணித்தாள்.

“லெஃப்ட் ஸைட். ரமேஷ் வேண்டாம்கறான். வாசல் ரூம்லயே ட்ரில் பண்ணிக்கலாம்கறான். ஆனா நல்ல சாம்பிள் எல்லாம் உள்ளதான் இருக்கு. ஜல்தி சொல்லு, மீட்டர் ஓடறது.”

வைதேஹிக்கு ஒரு விரிசல் ஞாபகம் இருந்தது. பழைய விரிசல். அதன்மேல் சுண்ணாம்பு படிந்து, ஆறிப்போன புண்ணின் தழும்பு மாதிரி இருக்கும்.

“அது அப்பவே இருந்ததுடி. ஒரு லட்சம் வருஷமா நிக்கற கூரை. நீங்க இருக்கற நாலு நாள்லயா விழப் போறது?” என்றாள்.

ரோஹிணி சிரித்தாள். பக்கத்தில் நின்றவனிடம் அதை அப்படியே ஹிந்தியில் சொன்னது காதில் விழுந்தது. அவனும் சிரித்தான்.

மறுநாள் காலை வேதாந்தம் அணிவகுப்பு பார்க்கத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு ஷேவிங் செய்துகொண்டிருந்தார். வைதேஹி தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தட்டு லேசாக நகர்ந்தது. முதலில் தலைச்சுற்றல் என்று நினைத்தாள். குளிருக்காக நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி ஊஞ்சல் மாதிரி ஆடுவதைப் பார்த்தபிறகு எழுந்து நின்றாள். வேதாந்தம் சோப்பு நுரையோடு வந்து, “வெளில வா” என்றார். குவார்ட்டர்ஸ் ஜனங்கள் எல்லோரும் ஸ்வெட்டரும் சால்வையுமாகப் புல்தரையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தில்லியில் அது ஒரு வேடிக்கையாக முடிந்துபோயிற்று. வைதேஹி மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டம் நீளமாக, மெதுவாக இருந்தது. இது பக்கத்தில் வந்ததில்லை, தூரத்தில் வந்த பெரியது என்று அவளுக்குத் தெரிந்தது. எந்தத் திசை என்பதைத்தான் அவள் நினைக்க மறுத்தாள்.

மத்தியானம் செய்தியில் கட்ச் என்றார்கள். புஜ் என்றார்கள். அதன்பிறகு தொலைபேசியில் குஜராத் எண் எதுவும் கிடைக்கவில்லை. சுழற்றிச் சுழற்றி வேதாந்தத்தின் விரல் சிவந்துபோயிற்று. கடற்கரைப் பக்கம் சேதம் குறைவு என்று யாரோ சொன்னார்கள். ஜனக்புரியிலிருந்து ரமேஷின் அப்பா பாலசுப்ரமணியம் கூப்பிட்டுக் கேட்டபோது, வைதேஹியும் அதையே அவருக்குச் சொன்னாள்.

அடுத்த நாள் பேராசிரியர் ராஜ்கோட்டிலிருந்து எப்படியோ லைன் பிடித்துப் பேசினார். ரோஹிணி நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னார். வைதேஹி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணத்து நிம்மதியைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். ஏனென்றால் அடுத்த வாக்கியம் ரமேஷ்குமாரைப் பற்றியதாக இருந்தது.

அவன் உள் அறையில் இருந்தான். ரோஹிணி மாதிரிகளுக்கு உறை எடுத்துவர வெளியே பாறைத் திட்டுக்கு வந்திருந்தாள். கூரையிலிருந்து ஒரு பெரிய பலகைக் கல் இறங்கி, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த வழியை அடைத்துவிட்டது. மீனவர்கள் ஓடிவந்தார்கள். ஆனால் அலை ஏறத் தொடங்கியிருந்தது. பூமியும் விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் செத்துக்கிடந்த அந்த நாட்களில், ஒரு குகைக்குள் கிடக்கும் ஒரு பையனுக்காக ஆள் அனுப்ப அரசாங்கத்தில் யாருக்கும் கை ஒழியவில்லை.

ரோஹிணி வீடு வந்து சேர்ந்தபோது அவள் தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடியாக இருந்தது. வைதேஹி வெந்நீர் வைத்துக்கொடுத்தாள். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அழவில்லை. எழுந்ததும் முதல் காரியமாக ஜனக்புரிக்குப் போகவேண்டும் என்றாள். அப்பாவோ அம்மாவோ கூட வரவேண்டாம் என்றாள். ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. தாயும் கேட்கவில்லை. அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. மோதி பாக்கில் அந்தச் சின்ன வீட்டுக்குள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், நடுக்கூடத்தில் கிடக்கும் ஒரு சாமானைச் சுற்றி நடப்பதுபோல.

பிப்ரவரியில் அந்த மாவட்ட நிர்வாகம் வைதேஹியின் அலுவலகத்தைக் கேட்டது. குகைக்குள் ஆளை அனுப்பி உடலை எடுக்கலாமா, கூரை தாங்குமா, பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் யார். அலுவலகத்தில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. வரைபடத்தின் மூலையில் அவள் பெயர் இருந்தது.

அவள் போனாள். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாறையின்மேல் நின்றபோது கடல் பழைய கடலாகத்தான் இருந்தது. நீர் வற்றும் வேளை பார்த்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வாசல் அறைக்குள் போனாள். விழுந்த பலகைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளைக் கல்தான் தெரிந்தது. பழைய விரிசலைத் தேடினாள். அது இருந்திருக்க வேண்டிய கூரையே இல்லை. ரோஹிணி சொன்ன விரிசல் தனக்கு ஞாபகமிருந்த விரிசல்தானா, அல்லது வேறொன்றா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தலைக்கு மேலிருந்த வாசல் அறைக் கூரையில் புது விரிசல்கள் பளிச்சென்று ஓடின. சுத்தியலால் தட்டினாள். நல்ல கல் கணீரென்று சொல்லும். இது உடைந்த சட்டிமாதிரி சொன்னது.

பலகையை அறுத்து எடுக்க நாலைந்து பேர் பல நாள் அந்தக் கூரையின் அடியில் நின்று வேலை செய்யவேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். வாசலுக்குத் தடுப்பு வைத்து, காவலுக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலசுப்ரமணியம் வீட்டுக்கு வந்தார். ராணுவத்தில் பாலம் கட்டும் படைப்பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி. சட்டை மடிப்புக் கலையாமல், நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. பட்டாளத்தில் எத்தனையோ சரிவுகளில், பனியிலும் மண்ணிலும், ஆள் எடுத்திருப்பதாகச் சொன்னார். இரும்பு முட்டுக் கொடுத்துக்கொண்டே போனால் எந்தக் கூரையும் நிற்கும் என்றார். கூட வேலை பார்த்த பழைய ஆட்கள் ஒரு வார்த்தை சொன்னால் வரத் தயாராக இருக்கிறார்கள். வேண்டியதெல்லாம் அவள் எழுதிய அந்த ‘வேண்டாம்’ என்பதை அவளே மாற்றுவதுதான்.

முட்டு எதன்மேல் நிற்கும் என்று வைதேஹி கேட்டாள். தரை வெறும் மணல், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அலை வந்து அரித்துக்கொண்டு போகிறது என்று விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். அதற்கும் ஒரு வழி சொன்னார். அவள் அதற்கொரு தடை சொன்னாள். இப்படியே கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தொழில்காரர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர் சட்டென்று நிறுத்தினார்.

“மேடம், உள்ள இருக்கறது உங்க பொண்ணா இருந்தா?”

உள் அறைக் கதவருகே ரோஹிணி நிற்பது வைதேஹிக்குத் தெரிந்தது.

“என் பொண்ணா இருந்தா நானே உள்ள போயிருப்பேன்” என்றாள் வைதேஹி. “ஆனா இன்னொருத்தர் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.”

“அப்ப என்னையப் போக உடுங்க. நான் யாரையும் அனுப்பல. நானே போறனுங்க.”

வேதாந்தம் ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தார். பாலசுப்ரமணியம் எழுந்து, வேதாந்தத்துக்கு மட்டும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு வேதாந்தம் மனைவியிடம் கேட்டார், கூரை நிஜமாகவே விழுமா என்று. தெரியவில்லை என்றாள். விழலாம். விழாமலும் இருக்கலாம். அவளை அரித்ததே அதுதான். தட்டிப் பார்த்துக் காதால் கேட்டதை வைத்து வேண்டாம் என்றாளா? இல்லை, ஒரு தடவை நிற்கும் என்று சொல்லிச் சூடுபட்டுக்கொண்டதால், இனி எந்தக் கூரையைக் காட்டினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வாளா? இருபது வருஷ அனுபவத்தில் தன் கணிப்புக்கும் தன் பயத்துக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. இப்போது தேடினால் அந்தக் கோடு அகப்படவில்லை. அலுவலகத்தில் ஒரு சாதாரண அணைக்கட்டுக் கோப்பில் கையெழுத்துப் போடக்கூட அவளால் முடியாமல்போயிற்று. லீவு போட்டு வீட்டில் இருக்க ஆரம்பித்தாள்.

அப்படியொரு நாள் பகலில்தான் அருக்காணி வந்தாள். ரமேஷின் அம்மாவை அதற்கு முன் வைதேஹி ஒரே ஒருமுறை, ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழி கேட்டு வந்திருந்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ரோஹிணி பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள்.

“ஏனுங்கம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே” என்றாள். “அது என்ன இடமுங்க? எல்லாரும் குகைங்கறாங்க, பாறைங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புடிபடல. அவன் எதுக்குள்ள இருக்கறான்னு தெரியோணும்.”

வைதேஹி அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பால்கனி வெயிலில் உட்காரவைத்தாள். முதலில் அங்கே பாறையே கிடையாது, மணல்தான் என்று ஆரம்பித்தாள். கடலில் கசகசா அளவிலே சின்னச் சின்னப் பிராணிகள் உண்டு. அவை செத்துச் செத்து, ஓடுகள் அடியிலே சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் குளிர் அதிகமாகி, வடக்கே தண்ணீரெல்லாம் பனியாக உறைந்துபோனதால் கடல் வற்றிப் பின்னால் போயிற்று. அடியிலிருந்த ஓட்டுமணல் வெயிலில் காய்ந்தது. காற்று அதை வாரிவந்து கரையில் மேடு மேடாகக் கொட்டியது. மேட்டின்மேல் மழை பெய்தது. மழைத்தண்ணீர் ஓட்டிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி, மணலோடு மணலை ஒட்டவைத்தது.

“பொரி உருண்டைக்குப் பாகு ஊத்தறாப்பலயா?”

அப்படித்தான் என்றாள் வைதேஹி. இத்தனை வருஷத்தில் தனக்குத் தோன்றாத உவமை அது.

பிறகு உலகம் மறுபடி சூடானது. கடல் திரும்பி வந்தது, இப்போது இருப்பதைவிட உயரமாக. வந்து, பாறையின் காலடியில் எங்கே மெத்தென்று இருந்ததோ அங்கே அடித்து அடித்துக் குடைந்தது. அப்படி உண்டானதுதான் பகோல். மறுபடி குளிர், கடல் மறுபடி போயிற்று. வாசலிலிருந்து தண்ணீரைத் தொட நாள்கணக்கில் நடக்கவேண்டிய அளவு தூரம். அந்தக் காலத்தில்தான் மேலே பெய்த மழை கூரை வழியாகச் சொட்டி உள்ளே கல்தூண்களை வளர்த்தது. சொட்டுக்குச் சொட்டு சுண்ணாம்பை மேலேயிருந்து எடுத்துக் கீழே வைத்தது. பிள்ளைகள் தேடிப் போனது அந்தத் தூண்களைத்தான். கடைசியாக, மனுஷர்கள் ஊர் கட்டி உழத் தொடங்கிய காலத்தில், கடல் திரும்பவும் வாசற்படிக்கு வந்து சேர்ந்தது.

அருக்காணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். நடுவில் எங்கும் அழவில்லை.

“அப்ப அந்த மலையே செத்ததுகளோட ஓடுதானுங்களா?”

“ஆமா.”

“கடல் இன்னொருக்கா உள்ள வருமுங்களா?”

“வரும். நம்ம காலத்துல இல்லை.”

“அப்ப இவனும் ஒரு நாள் அதுக்குள்ள போயிருவான்.” கேள்வியாக அதை அவள் சொல்லவில்லை.

கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு வைதேஹி, பூகம்பத்துக்கு முந்தின சாயங்காலம் ரோஹிணி கூப்பிட்டதைச் சொன்னாள். ரமேஷ் உள் அறை வேண்டாம் என்றதையும், தான் அதற்குச் சொன்ன பதிலையும் வார்த்தை மாறாமல் சொன்னாள். அவன் சிரித்ததையும் சொன்னாள்.

“தெரியுமுங்க” என்றாள் அருக்காணி.

வைதேஹி நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க பொண்ணு வந்த அன்னைக்கே சொல்லிட்டா. எங்கம்மா இப்படிச் சொன்னாங்க, நான் அவனை இழுத்துட்டுப் போனேன்னு என் மடியில உழுந்து அழுதா. உள்ள இருந்து அவன் ஒரே ஒருக்காப் பேசுனானாமா. ‘ரோஹிணி, நீ வெளியவே இரு’ன்னு. தமிழ்ல பேசுனானாமா. எங்ககூடவே அவன் தமிழ் பேச மாட்டானுங்க. அவங்கப்பாகிட்ட நான் உங்க போனைப் பத்திச் சொல்லல. சொன்னா அந்த மனுசன் என்ன பண்ணுவாருன்னு தெரியாது.”

“அப்புறம் எப்படி என் வீட்டு வாசப்படி ஏறினேள்?” வாய் தவறித் தன் வீட்டுப் பேச்சிலேயே கேட்டுவிட்டாள் வைதேஹி.

அருக்காணி யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“ஒருக்கா உங்க வாய்ல தப்பா வந்துருச்சு. அதனாலதான் இந்த வாட்டி நீங்க வேண்டாம்னதை நான் நம்பறேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அது வேற.”

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, பஸ் நிறுத்தம்வரை கூட வருகிறேன் என்றதையும் மறுத்துவிட்டுப் போனாள்.

ரோஹிணி வந்ததும் வைதேஹி அவளிடம் போய் நின்றாள். நீ அங்கே அழுதாயாமே, இங்கே ஏன் அழவில்லை என்று கேட்க நினைத்தாள். கேட்கவேண்டியிருக்கவில்லை. யார் வந்துவிட்டுப் போனார்கள் என்பது மகளுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. “உன்கிட்ட அழுதா உனக்குச் சொல்லிக் காட்டற மாதிரி இருக்கும்மா” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து அழுதார்கள்.

மார்ச்சில் பாலசுப்ரமணியம் தனியாக அங்கே போனார். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் விடவில்லை. முட்டு மரம் ஏற்றிவர மீனவர்கள் படகு தரவில்லை. தடுப்புக்கு வெளியே பாறையில் பல நாள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார் என்று ரோஹிணி வந்து சொன்னாள். அவள் வாராவாரம் ஜனக்புரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அருக்காணியோடு மார்க்கெட்டுக்குப் போவாள், வங்கி வேலை செய்துகொடுப்பாள். ரமேஷின் அப்பா அவளிடம் பேசுவார். அவள் அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார்.

கோடை போயிற்று. வைதேஹி வேலைக்குத் திரும்பியிருந்தாள். முன்னைவிட மெதுவாகப் படித்தாள், இரண்டு தடவை சரிபார்த்தாள், தூங்கினாள், விழித்தாள்.

ஆகஸ்டில் அவள் மேசைக்குத் தகவல் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கி, பகோலின் வாசல் அறைக் கூரை முழுவதும் இறங்கிவிட்டது. குகைக்கு இனி வாசலே இல்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னது சரியாகப் போய்விட்டது மேடம் என்றார். உள்ளே ஆள் வைத்திருந்தால் என்னாவது என்றார். வைதேஹி தலையசைத்தாள். ஒரு நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். ஏதோ வரவும் செய்தது, ஆனால் தங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாலசுப்ரமணியத்தின் குரலை அவள் ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

“கூரை உழுந்துருச்சுன்னாங்க. கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“மழைக்காலம் வரைக்கும் நின்னுருக்குதுங்க மேடம்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விடையைச் சொல்லும் குரலில் சொன்னார். பிப்ரவரியில் முட்டுக் கொடுத்து இறங்கியிருந்தால், மார்ச்சில் பையனை வெளியே கொண்டுவந்து, ஊருக்கு எடுத்துப்போய், முறையாக எரித்திருக்கலாம். நின்றிருக்கலாம் என்பதில்லை, நின்றது. ஆனால் முட்டும் உளியும் அதிர்ந்திருந்தால் மார்ச்சிலேயே விழுந்திருக்கும் என்று சொல்ல அவளுக்கும் நியாயம் இருந்தது. அதை யாரும் நிரூபிக்க முடியாது. வேதாந்தம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் எத்தனை தடவை வந்தது, எத்தனை தடவை போயிற்று என்பதையெல்லாம் கல்லைப் பார்த்து அவளால் சொல்ல முடியும். ஒரு பிப்ரவரியையும் ஒரு மார்ச்சையும் மட்டும் சொல்ல முடியாது.

அடுத்த ஜனவரியில் தலைத் திதி வந்தது. சடங்கை அந்தக் கடற்கரையிலேயே செய்வது என்று பாலசுப்ரமணியமும் அருக்காணியும் முடிவு செய்தார்கள். ரோஹிணியும் கூடப் போகிறேன் என்றாள். வேறு தலைப்பு எடுத்து ஆய்வை முடிப்பதா, படிப்பையே விடுவதா என்று அவள் அதுவரை தீர்மானிக்கவில்லை. போய்வந்து சொல்கிறேன் என்றாள்.

பழைய தில்லி ஸ்டேஷனில் வழியனுப்ப வைதேஹி போனாள். அவளை யாரும் வா என்று கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பனிமூட்டத்தில் வண்டி தாமதம். அருக்காணி சால்வையைப் போர்த்திக்கொண்டு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்; வைதேஹியைப் பார்த்து லேசாக நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த பாலசுப்ரமணியம் அங்கேயே நின்றார். ஒரு வருஷத்தில் அவர் சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

வண்டி வந்து, சாமான் ஏற்றியானபிறகு அவர் மறுபடி பிளாட்பாரத்தில் இறங்கினார். நேரே வைதேஹியின் எதிரில் வந்து நின்றார்.

“மேடம், ஒரு விவரம் வேணுமுங்க. கீழ வழி இல்ல. பாறை மேலதான் நின்னு பண்ணோணும். மேல நின்னா, அவன் எந்த இடத்துக்கு நேரா இருப்பான்?”

வைதேஹிக்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை. அங்கேயுள்ள கல் கலங்கரை விளக்கத்துக்கு முதுகு காட்டி நின்றால் வலதுபக்கம் ஒரு கள்ளிப் புதர் வரிசை. அது முடியும் இடத்தில் வெள்ளைப் பாறையின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும், கல்யாணத் தவலை அகலத்துக்கு. பள்ளம் முழுக்கச் செம்மண் நிரம்பியிருக்கும். ஆதியில் மழைநீர் கரைத்துக்கொண்டு இறங்கிய துவாரம் அது. பின்னால் மண் விழுந்து அடைபட்டுவிட்டது. உள் அறை அதற்கு நேர்கீழே. அதை அவள் கையாலேயே அளந்து குறித்திருக்கிறாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை மனசுக்குள் நடந்து பார்ப்பது தெரிந்தது.

“அது மேல நிக்கலாமுங்களா? தாங்குமா?”

பின்னால் கார்டு விசில் ஊதினார். ஜன்னலுக்குள்ளிருந்து ரோஹிணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலை” என்றாள் வைதேஹி. “நீங்க அதுமேல நிக்க வேண்டாம். பக்கத்துல நல்ல பாறை இருக்கு. அங்க நின்னு, தண்ணியை மட்டும் அந்த மண்ணுல விடுங்கோ. கீழ வரைக்கும் போகும்.”

பாலசுப்ரமணியம் அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை. தலையை ஒரு தரம் அசைத்துவிட்டு, நகரத் தொடங்கிய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.